செருப்புகள் பூசைக்குப் போன காலம்

சிப்பித்துறையில் கோயில் கதவைச் சாத்திப் பூசையைப் போனில் காட்டத் தொடங்கிய அந்த வருசம், முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், சாமியார் நெற்றியில் கைவைத்துச் சிலுவை போட்ட அதே நொடியில், ஊரில் வீட்டு வாசல்களில் கிடந்த செருப்பெல்லாம் காணாமல் போயின.

நோய் பரவுது, சனம் கூடக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. ரெமிஜியுஸ் சாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் துணி காயப்போடும் கயிற்றால் தன் போனைக் கட்டி வைத்து, ஆளில்லாத கோயிலைப் பார்த்துப் பூசை வைத்தார். ஊர் சனம் அவரவர் வீட்டில், அரிசி டப்பாவிலும் தண்ணீர்ச் செம்பிலும் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால், பெண்கள் முக்காடு போட்டும் ஆண்கள் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டும், முழங்காலில் நின்றது. காற்றுக்குப் படபடத்த கதவைச் சாத்தப்போன கோயில்பிள்ளை செபமாலை, கோயில் வாசலில் திருவிழா அன்றைக்குக் கிடக்கிற மாதிரி செருப்புகள் கிடப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எப்போதும் பூசைக்கு வருகிறவர்களின் செருப்புதானே என்று கதவைச் சாத்தாமல் திரும்பி வந்து மணியடித்தார்.

அதிர்ந்துபோனது ஏட்டு சுடலைமுத்து மட்டுந்தான். கோயிலுக்குள் ஆள் நுழையாமல் பார்க்க மேற்கே டவுன் ஸ்டேஷனிலிருந்து அனுப்பியிருந்த ஏட்டையா அவர். கடற்கரையில் சீட்டாடிய பையன்களை விரட்டிவிட்டு வந்து பார்த்தால் வாசல் நிறையச் செருப்பு. லத்தியைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"எல்லாரும் வெளிய வாங்க! கேஸ் போட்டுருவேன்!"

பெஞ்சுக்கடியில் தவழ்ந்து பார்த்தார், பாவசங்கீர்த்தனப் பெட்டியைத் திறந்து பார்த்தார், ஊர்க் காவல் புனிதர் சந்தியாகப்பர் சப்பரத்தின் திரையைத் தூக்கிப் பார்த்தார். சாமியாரும் கோயில்பிள்ளையும் தவிர ஒரு ஆள் இல்லை. ஏட்டையா பெஞ்சுக்கடியில் தவழ்ந்ததை ஊரே போனில் பார்த்துக்கொண்டிருந்தது.

"சாமி, ஆளெல்லாம் எங்க?"

"வீட்டுல இருக்காங்க ஏட்டையா."

"அப்ப இந்தச் செருப்பு?"

"அது பூசைக்கு வந்திருக்கு."

செபமாலை மெதுவாகக் கேட்டார். "செருப்புக்கு மாஸ்க் போடணும்னு சட்டம் இல்லல்லா?"

சட்டத்தில் அப்படி இல்லை. ஆனாலும் சும்மா இருந்தால் வேலை பார்த்ததாக ஆகாது என்று ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னார் ஏட்டையா. "சென்று வாருங்கள்" என்று சாமியார் பூசையை முடித்ததும் செருப்பெல்லாம் வாசலில் இல்லை. அவரவர் வீட்டில் கிடந்தன, கோயில் முற்றத்து மணலோடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவை தாமாகவே ஒரு முழம் விட்டு நின்றன.

இப்படியாக ஊர் பழகிக்கொண்டது. செருப்பு போவதை யாரும் பார்க்க முடியாது, பார்த்துக்கொண்டிருந்தால் போகாது என்று இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டதால், பூசைக்குப் போனைத் திறந்ததும் எல்லோரும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் மீன் சட்டி தேய்ப்பதைப்போலச் செருப்பைத் தேய்த்துக் கழுவிக் காய வைத்தார்கள். யார் செருப்பு எங்கே நின்றது என்பதைச் செபமாலை ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அதில்தான் ஊருக்கு அத்தனை வேடிக்கை. சாமியார் பிரசங்கம் தொடங்கினதும் எழுந்து வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் பீடி பிடிக்கிற ஆண்களின் செருப்பு, வாசல்வரைக்கும் வந்து, பிரசங்கம் தொடங்கினதும் பூவரச மரத்தடிக்குப் போய்விட்டது. பாதிப் பூசைக்குப் பிறகு போனைத் திறந்தவர்களின் செருப்பு கோயிலுக்கு வராமல் முச்சந்திக் குருசடியோடு நின்றுவிட்டது. கீழத்தெருப் பெர்னத்தக்காவுக்கு ஒற்றைச் செருப்புதான் போனது.

"இடது கால் மட்டும் வந்து நின்னுச்சு பெர்னத்து" என்றார் செபமாலை, தெருவில் போகிற போக்கில்.

"எப்படி வேய் ரெண்டும் வரும்? ஒரு கண்ணு பூசையில, ஒரு கண்ணு அடுப்புல கெடந்த சாளைக் குழம்புல. பாதிப் பூசைன்னாலும் பூசைதானே."

மெட்ராஸில் படிக்கிற மகன் வீட்டில் விட்டுப்போன பழைய பூட்ஸ் தவறாமல் பூசைக்குப் போனதைப் பார்த்துப் பெர்னத்தக்கா கண்ணீர் விட்டாள். அதே மெட்ராஸில் இருந்துகொண்டு 'நான் பூசை பார்க்காத ஞாயிறு கிடையாது அத்தை' என்று சத்தியம் பண்ணுகிற மருமகன், மறுவீட்டுக்கு வந்தபோது விட்டுப்போன செருப்பு ஒட்டடை படிந்து கிடந்த இடத்திலேயே கிடந்ததைப் பார்த்து, அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். போன வருசம் இறந்துபோன மிக்கேல் அண்ணாவியின் தோல் செருப்பை அவர் பெண்சாதி எண்ணெய் தடவி வைத்துப் பார்த்தாள்; அது அசையவில்லை. "அவிய மோட்சத்துல நேராவே பூசை பாக்காவ, செருப்பு என்னத்துக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டு உள்ளே எடுத்து வைத்தாள்.

சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாருக்கு எழுதவில்லையா என்று யாரோ கேட்டதற்குச் சாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "எழுதினா விசாரிக்க ஆள் அனுப்புவாங்க. விசாரிச்சு முடியிறவரைக்கும் ஊர்ல ஒருத்தரும் செருப்பு போடக் கூடாதும்பாங்க. நம்ம சந்தியாகப்பர் குதிரையில வாரவர், செருப்பைப் பத்தி அவருக்கு ஒரு கோவமும் இருக்காது. விடுங்க."

ஊரே இப்படிச் சிரித்துக் கிடந்தபோது, எஸ்கலின் மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

எஸ்கலின் வாய் திறந்து பேசி ஊர் பார்த்ததில்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். கோயிலில் கடைசித் தூணை ஒட்டி உட்காருவாள், ஆமென்கூட உதட்டோடு நின்றுவிடும். கடையில் சாமான் வாங்கவும் விரலைத்தான் நீட்டுவாள். அவள் செருப்பு தவறாமல் முதல் ஆளாகப் போனது. ஆனால் வாசலுக்கு நேரே நிற்காது, ஓரமாகச் சுவரோடு ஒட்டித்தான் நிற்கும். "செருப்பைப் பாத்தே ஆளைச் சொல்லிரலாம்" என்பார் செபமாலை.

அவள் புருசன் ததேயுஸ் வளைகுடாவில் ஒரு அரபியின் போட்டில் மீன்பிடிக்கப் போயிருந்தான். அந்தப் பக்கம் போய்த் திரும்பினவர்கள் ஊரில் பலர் இருந்தாலும், அந்த நேரம் அங்கே இருந்தவன் அவன் ஒருத்தன்தான். போகும்போது வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது தவழ்கிறது. லிடியா என்று பேர். போட்டோவைப் பார்த்துக் கண்மதிப்பில் ஒரு குட்டிச் செருப்பு வாங்கி, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தான். மிதித்தால் கீச்கீச்சென்று கத்துகிற சிவப்புச் செருப்பு. பிள்ளைக்கு அது இன்னும் பெரிது. வாரத்துக்கு ஒருநாள், வேலை ஓய்ந்த அன்றைக்குச் சாயங்காலம், கூப்பிட்டு, "அவ கால் வளந்துட்டா?" என்றுதான் முதலில் கேட்பான்.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு அந்தப் போன் வரவில்லை. இவள் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அங்கேயும் நோய், போட்டெல்லாம் துறைக்கு வரவிடவில்லை, கடலிலேயே கிடக்கிறார்கள் என்று செய்தியில் ஓடியது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அவன் வீட்டில் போட்ட நீல ரப்பர் செருப்பு கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. இடது வார் அறுந்து, அவனே ஊக்குக் குத்திச் சரிபண்ணியது. புதுச் செருப்பு வாங்கேன் என்றால், "இது கால் கேக்குற செருப்பு, விடு" என்பான். பூசைக்கு முன்னால் எஸ்கலின் தன் செருப்பை அதன் பக்கத்தில் வைப்பாள். முதுகைக் காட்டி உட்காருவாள். "சென்று வாருங்கள்" கேட்டபின் மெதுவாகத் திரும்புவாள். அவள் செருப்பில் கோயில் மணல் ஒட்டியிருக்கும். நீலச் செருப்பு சனிக்கிழமை அவள் துடைத்து வைத்த துடைப்பிலேயே இருக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை முந்தானையால் அதைத் துடைத்துத்தான் வைப்பாள். கடற்கரை ஊரில் மணல் எதன்மேல்தான் ஏறாது.

மிக்கேல் அண்ணாவியின் தோல் செருப்பை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். அது தானாக வந்து நினைவில் நின்றது. அவன் உயிரோடு இருக்கிறானா என்று இந்த உலகத்தில் அவளுக்குச் சொல்ல இருந்தது அந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்புதான். அது வாயைத் திறக்கவில்லை. அவளைப்போலவே.

அப்போது சாமியார் ஒரு ஏற்பாடு செய்தார். ஞாயிறுக்கு ஒரு தெரு என்று முறை வைத்து, அந்தத் தெருவில் ஒருத்தர் வீட்டிலிருந்தே மன்றாட்டு வாசிக்க வேண்டும். செபமாலை தன் போனை மைக்கோடு சேர்த்துப் பிடிப்பார், கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாய் வழியாக ஊருக்கே கேட்கும். கீழத்தெரு முறை வந்தபோது பெர்னத்தக்கா நேராக எஸ்கலின் வீட்டுப் படிக்கு வந்தாள்.

"ஏட்டி, இந்த வாரம் நீ வாசி."

எஸ்கலின் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"ஏன், எழுத்துக் கூட்டி வாசிப்பேல்லா? எனக்குக் கண்ணாடி உடைஞ்சு கெடக்கு. மத்தத் தெருவுல எல்லாம் முறை வச்சு வாசிச்சாச்சு. வீட்டுக்குள்ள இருந்து வாசிக்கப்போற, ஒன்ன யாரு பாக்கா?"

"கேப்பாவளே" என்றாள் எஸ்கலின். அவள் அந்த வாரத்தில் பேசிய முதல் வார்த்தை அதுவாக இருக்கும்.

"கேக்கத்தானட்டி வாசிக்கது!"

ஞாயிற்றுக்கிழமை மடியில் லிடியாவை வைத்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். செபமாலையின் அழைப்பு வந்தது. சாமியார் எழுதி அனுப்பியதைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தாள். திருச்சபைக்காக வாசித்தாள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சத்தம் வந்தது, கடல் திரும்பத் திரும்பக் கரைக்கு வருகிற மாதிரி. நோயாளிகளுக்காக வாசித்தாள். அவள் குரல் கோபுரத்தில் ஏறி, தெருவெல்லாம் சுற்றி, அவள் வீட்டு ஜன்னலுக்கே திரும்பி வந்தது. தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே கூச்சமாகப் போய் நிறுத்திவிட்டாள். ஊர் காத்திருந்தது. மடியிலிருந்த பிள்ளை போனைப் பார்த்து "ப்பா" என்றது. எந்தப் போனைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லும்.

எஸ்கலின் தாளைக் கீழே வைத்தாள்.

"சாமி, இது எழுதித் தந்ததுல இல்ல" என்றாள். "எங்க வீட்டு அவிய செருப்பு ஒரு ஞாயித்துக்கெழமைகூட கோயிலுக்கு வரல. நானும் பாத்துப் பாத்துக் கெடக்கேன். போனும் இல்ல. நீல ரப்பர் செருப்பு சாமி, இடது வாருல ஊக்குக் குத்தியிருக்கும். அவிய பூசை பாக்காட்டியும் பரவால்ல, அதுக்காவ ஆண்டவர் கோவப்படக் கூடாது. உயிரோட இருந்தா போதும். அதை மட்டும் எனக்கு யாராவது சொல்லணும். அதுக்காவ... அதுக்காவ மன்றாடுவோம்."

ஊர் பதில் சொல்ல வாயெடுக்கும் முன், கோபுரத்துக் குழாயில் திடுதிடுவென்று காலடிச் சத்தமும், யாரோ மைக்கைப் பிடுங்குகிற கரகரப்பும் கேட்டன.

"ஏம்மா! ஊக்குக் குத்தின நீலச் செருப்பா?" ஏட்டையாவின் குரல். "அது வெள்ளிக்கெழம வருதேம்மா!"

"ஏட்டையா, பூசை நடக்குது" என்றார் சாமியார்.

"நடக்கட்டும் சாமி, இதச் சொல்லிட்டுப் போயிருதேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மத்தியானம், கோயில் பூட்டிக் கெடக்கும்போது, அந்த ஒரு ஜோடி மட்டும் வாசல்ல வந்து நிக்கும்மா. நடுவாசல்ல, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கும். நான் உங்க செருப்புன்னு நெனச்சேன் சாமி, அடுத்த ஆளோடதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா! போன வெள்ளிக்கெழமகூட வந்துச்சும்மா. மூக்கைச் சிந்தத் திரும்புனேன், போயிருச்சு."

உடனே கீழத்தெருவில் பெர்னத்தக்கா ஜன்னலைத் திறந்த சத்தம் குழாய் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"அட கூறுகெட்ட சனங்களா! அரபி ஊர்ல வெள்ளிக்கெழமதான லீவு! எங்க வீட்டு மனுசன் வருசக்கணக்கா அங்க கெடந்து, ஞாயித்துக்கெழமப் பூசையை வெள்ளிக்கெழம பாத்துட்டு வந்தவருதான! அங்க ஞாயிறே வெள்ளிதானட்டி! இத மறந்துட்டு அந்தப் புள்ளையை அழ வச்சுட்டோமே!"

எல்லோருக்கும் தெரிந்த விசயந்தான். வளைகுடாப் பணத்தில் வீடு கட்டாத தெரு அங்கே இல்லை. ஞாயிறு என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் என்று நம்பி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உட்கார்ந்து, ஊர் முழுக்க ஒன்றுபோல மறந்து தொலைத்திருந்தது. எஸ்கலினுக்கு மட்டும் வேறொன்று நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் லாரி வரும். அவள் பிள்ளையை இடுப்பிலும் குடத்தைக் கையிலுமாக வரிசையில் நிற்பாள். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை அவள் முந்தானையால் துடைத்தெறிந்தது கடற்கரை மணல் இல்லை, கோயில் முற்றத்து மணல்.

அவள் சிரித்தாள். போன் இன்னும் மைக்கோடுதான் இருந்தது. எஸ்கலின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று சிப்பித்துறை அன்றைக்குத்தான் கேட்டது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று விட்டுப்போன பதிலை ஊர் சேர்ந்து சொன்னபோது, கோபுரத்துப் புறா எல்லாம் பறந்தன. ஏட்டையா வெளியே வந்து பார்த்தார். நெரிக்கிறதே என்று காலையில் அவர் கழற்றி ஓரமாகப் போட்டிருந்த போலீஸ் பூட்ஸ், செருப்பு வரிசையில் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் மாட்டிக்கொண்டார். செபமாலை பார்த்துவிட்டதால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

(ததேயுஸ் பிறகு ஊர் வந்து சேர்ந்தபோது சொன்ன கதை சின்னதுதான். வலை இழுக்கும்போது போன் கடலில் விழுந்துவிட்டது. அதற்கு முன்பே அவன் இறக்கிக் கொடுத்திருந்த சிப்பித்துறையின் முதல் பூசை, கூட இருந்த கொல்லத்துக்காரர் போனில் இருந்தது. சிக்னல் இல்லாத நடுக்கடலில், வலை போடாத வெள்ளிக்கிழமைகளில், எல்லோரும் அந்த ஒரே பூசையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஏட்டையா பெஞ்சுக்கடியில் தவழுகிற இடம் வந்தால் கொல்லத்துக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாராம்.)

அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தபோது, குடத்தை எடுத்துக்கொண்டு வந்த எஸ்கலினைப் பெர்னத்தக்கா வழியிலேயே மறித்தாள்.

"குடத்தக் குடு. ஒனக்கு நாங்க பிடிக்கோம். நீ உள்ள போயி முதுகைக் காட்டிட்டு உக்காரு."

"ஒங்க மருமவன் செருப்பு போவுதாக்கா?" என்று கேட்டாள் எஸ்கலின்.

பெர்னத்தக்கா வாயைப் பிளந்தாள். "ஏ ஆத்தா, இவ கேலி பேசுதா பாருங்க! மைக்குல பேசினாலும் பேசினா!"

எஸ்கலின் வீட்டுக்கு வந்து நீலச் செருப்பை வாசலில் வைத்தாள். அதன் பக்கத்தில், இடைவெளி விடாமல், தன் செருப்பை வைத்தாள். கொஞ்சம் யோசித்து, உள்ளே போய், பெட்டியிலிருந்த சிவப்புக் குட்டிச் செருப்பை எடுத்துவந்து இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனில் போன ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் திறந்தாள். லிடியாவைத் தோளில் போட்டுக்கொண்டாள். பூசை தொடங்கும்போது, முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை கையைத் தட்டிச் சிரித்தது. பார்த்தால் போகாது என்கிற சட்டம் பேச்சு வராத பிள்ளைகளுக்குக் கிடையாதுபோல.

லாரிப் பக்கம் பெண்களெல்லாம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். லாரிக்காரனையும் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். கோயில் வாசலில் ஏட்டையா, வாத்தியாரிடம் மாட்டிய பையனைப்போலச் சுவரைப் பார்த்து நின்றார். லாரிக் குழாயிலிருந்து குடத்துக்குள் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம்கூடத் தனியாகக் கேட்கிற அமைதியில், எஸ்கலின் வீட்டு வாசலிலிருந்து தெருவை நோக்கி அந்தச் சத்தம் இறங்கியது.

கீச். கீச். கீச்.

நடை பழகுகிற பிள்ளையின் காலடி மாதிரி, நின்று நின்று, கீழத்தெருவைத் தாண்டியது, குருசடியில் தயங்காமல் போனது, பூவரச மரத்தை ஏறிட்டும் பார்க்காமல் கடந்தது, கோயில் முற்றத்து மணலில் கொஞ்சம் மெத்தென்று அமுங்கிக் கேட்டது, சுவரோரம் ஒதுங்காமல் நேரே நடுவாசலுக்குப் போய் ஓய்ந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.